ஆதரிக்கப்படாத கருவி

ஜனவரி பதினைந்தோடு இந்த ஏரிக்கரையில்
எங்கள் கோபுரம் இயங்காது என்று
பழைய கம்பெனி கடிதம் போட்டது.
கடிதத்தின் மூலையில் சிரிக்கும் ஒரு குடும்பம்,
நாலு பேர் கையிலும் கண்ணாடிப் பலகை.

என்னுடையது மடக்குப் போன்.
கீல் தளர்ந்து தாடை தொங்கும்.
ஆனால் பனி தள்ளும் வண்டியில், ராத்திரி இரண்டு மணிக்கு,
கையுறையைக் கழற்றாமல் ஐந்தை அழுத்தலாம்.
அழுத்தியது விரலுக்குத் தெரியும்.

ஹோட்டன் கடையில் மரீசா என்ற பெண்
பாட்டரிக்கு அடியில் இருந்த பதினைந்து இலக்கத்தைக்
கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்துவிட்டுத்
திரையை என் பக்கம் திருப்பினாள்:
ஆதரிக்கப்படாத கருவி.
"எந்தப் பட்டியலில்தான் நான் இருந்திருக்கிறேன்,
சிம்மைக் கொடு" என்றேன்.
பத்து டாலர்.
திருப்பி வாங்க மாட்டோம் என்பதை
இரண்டு தடவை சொன்னாள்.

புது சிம் சுண்டுவிரல் நகத்தளவு.
போனில் இருந்த பள்ளமோ
அதன் பாட்டன் காலத்துச் சிம்முக்கு வெட்டியது.
ஓட்ஸ் டப்பா அட்டையைக் கத்தரித்து
நடுவில் ஜன்னல் வைத்தேன்.
முதல் ஜன்னல் பெரிசு. சிம் உள்ளே நழுவி
பூட்ஸுக்குள் கல் மாதிரி கடகடத்தது.
இரண்டாவது சிறிசு.
மூன்றாவது பொருந்தியது,
அரை ஸ்ட்ராபெரிப் படத்தோடு.

போன் கண்விழித்துக் கேட்டது:
பூட்டைத் திறக்கும் எண் என்ன?
ஐந்து வாய்ப்பு.

டிப்போவின் சுவர்த் தொலைபேசியில்
நாற்பத்தேழு நிமிஷம் பியானோ கேட்டேன்.
ரெய்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துப் போனான்.
கடைசியில் ஒரு குரல், நல்ல குரல்தான்,
"அந்த எண்ணை உங்கள் போனுக்கே
குறுஞ்செய்தியாக அனுப்புகிறோம்" என்றது.
எந்தப் போனுக்கு?
"பூட்டியிருக்கிறதே, அதற்கு."

கெடுவுக்கு இன்னும் மூன்று நாள்.
பழைய சிம்மை மறுபடி செருகிக்கொண்டு
மூடிய செம்புச் சுரங்கத்தின் மேட்டுக்கு ஓட்டினேன்.
அங்கே மட்டும் பழைய கோபுரத்தின் ஒரு கோடு
உயிரை வைத்துக்கொண்டிருந்தது.
எட்டு இலக்கம் வந்தது.
பேனாவில் மை உறைந்திருந்தது.
முன்கண்ணாடியின் உள்பக்க உறைபனியில்
விரலால் எழுதினேன்.
கீழே இறங்கி, பாட்டரியைக் கழற்றி,
பழைய சிம்மை நகத்தால் நெம்ப,
அது துள்ளிப் போயிற்று.

வெள்ளைச் சிம். வெள்ளைப் பனி.
மண்டியிட்டு டார்ச்சோடு தேடினேன்,
முழங்கால் மரத்துப்போகும் வரை.

திரும்பி வந்தால், ஹீட்டர்
எண்ணைத் தின்ன ஆரம்பித்திருந்தது.
கடைசி இலக்கம் ஒழுகிக்கொண்டிருந்தது.
ஒன்றா, ஏழா?
ஒன்று என்றேன். இல்லை என்றது.
ஏழு.

இரண்டு கோடு. கொஞ்சம் பொறுத்து மூன்று.

யாரையாவது கூப்பிட வேண்டும்.
பெயர்கள் எல்லாம் பனிக்குள் போன சிம்மில்.
மனப்பாடமாகத் தெரிந்தது இரண்டே எண்:
டிப்போ ஒன்று. இன்னொன்று ஆர்விட் வீடு,
பன்னிரண்டு வருஷமாக மறந்துகொண்டிருப்பது.
டிப்போவை அழைத்தேன்.
"கேக்குதா ரெய்மா?"
"கெணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு, இல்மி."
அது போதும்.

அன்று ராத்திரியிலிருந்து
வெறும் எண்கள் என்னிடம் பேசுகின்றன.
எல்லாம் தொள்ளாயிரத்து ஆறில் தொடங்குபவை,
ஒரே ஊர்க்காரர்கள்.
ஒன்று, ஏணியை எப்போது தருவாய் என்றது.
எந்த ஏணி என்று தெரியும், யாருடையது என்றுதான் தெரியவில்லை.
ஒன்று, என்னை மன்னித்துவிடு என்று மட்டும் அனுப்பியது.
யார் நீ என்று கேட்டால்
மன்னிப்பு கெட்டுப்போகும்.
சரி, விடு என்று அனுப்பினேன்.
யாரோ ஒருவர் இந்தக் குளிரில்
நன்றாகத் தூங்கியிருப்பார்.

இன்னொன்று கேட்டது:
சனிக்கிழமை வருகிறாய்தானே?

ஒரு எழுத்துக்கு மூன்று அழுத்து,
கையுறையைக் கழற்றாமல்,
வருகிறேன் என்று அடித்தேன்.

எங்கே என்று கண்டுபிடிக்க
புதன், வியாழன், வெள்ளி இருக்கிறது.